பைண்டு புத்தகங்களின் காலம்

“இப்போ என்ன படிச்சுக்கிட்டிருக்கே?” என்று யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லாத ஒரு காலம் தமிழ்நாட்டில் இருந்தது. 1950 அக்டோபர் கடைசியில் ‘கல்கி’ இதழில் பொன்னியின் செல்வன் தொடங்கி 1954 வரை ஓடியது. அந்த மூன்றரை வருஷமும் இதழ் வாங்கிய வீடுகளும், இரவல் வாங்கிய வீடுகளும் ஒரே கதையில், ஒரே அத்தியாயத்தில் நின்றன. தெருவில் கேட்ட கேள்வி வேறு: “இந்த வாரம் படிச்சாச்சா?”

இந்தப் பழக்கம் கல்கியோடு பிறந்ததல்ல. 1893இல் ‘விவேக சிந்தாமணி’யில் ராஜம் ஐயர் கமலாம்பாள் சரித்திரத்தை மாதாமாதம் எழுதத் தொடங்கினார். 1925இல் ‘ஜகன்மோகினி’யை ஏற்று நடத்த வந்த வை.மு. கோதைநாயகி அதையே தன் நாவல்களின் வீடாக்கிக்கொண்டார். தொடக்கத்தில் அவருக்குச் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். வாயால் சொல்லித் தாளில் ஏறிய கதை, வீட்டு முற்றங்களில் மறுபடி வாய்ச்சொல்லாகவே ஒலித்தது. எழுத்துத் தெரிந்த மருமகளோ, பள்ளிக்கூடம் போகும் பெண்ணோ படிக்க, மற்றவர்கள் அரிசியில் கல் பொறுக்கியபடி கேட்டார்கள். விற்ற பிரதிகளை மட்டும் வைத்து அந்தக் கால வாசகரை எண்ணுகிறவர்கள் இந்தப் பெண்களை விட்டுவிடுகிறார்கள். அது எனக்குப் பொறுக்காது.

அப்பா கும்பகோணத்தில் பைண்டிங் கடை வைத்திருந்தார். வக்கீல் ஆபீஸ் கட்டுகளும் மண்டிக் கணக்குப் பேரேடுகளும்தான் சோறு போட்டன. ஆனால் தொடர்கதைக் கட்டு வந்தால் அதைத்தான் முதலில் பிரிப்பார். வாராவாரம் கதைப் பக்கங்களை மட்டும் கத்தரித்துப் பழைய புடவைத் துண்டில் முடிந்து வைத்திருப்பார்கள். அப்பா அவற்றை வார வரிசையில் அடுக்கி, நான்கு பக்கமும் தட்டிச் சமன் செய்வார். குத்தூசியால் ஓரத்தில் துளை போட்டு, மெழுகு தடவிய நூலால் தைப்பார். மைதாவைக் காய்ச்சும்போதே மயில்துத்தம் கொஞ்சம் சேர்ப்பார். பூச்சி அண்டாது. முதுகுக்குக் காலிகோ துணி, அட்டைக்கு மார்பிள் பேப்பர். கடைசியில் ஓரம் வெட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். சிலர் கதையை ஓரம் ஒட்டிக் கத்தரித்திருப்பார்கள், கத்தி கொஞ்சம் உள்ளே போனாலும் வரி போய்விடும்.

ஒரு வாரம் விட்டுப்போயிருந்தால்? அக்கம்பக்கத்தில் இதழை வாங்கி, கோடு போட்ட நோட்டுத் தாளில் அத்தியாயம் முழுவதையும் கையால் எழுதிச் சேர்த்துக் கொடுத்தவர்கள் உண்டு. அச்சுப் பக்கங்களுக்கு நடுவே ஒரு பெண்ணின் உருண்டைக் கையெழுத்தில் பொன்னியின் செல்வனின் வந்தியத்தேவன் குதிரை ஏறிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். இதைவிடப் பெரிய வாசக மரியாதை எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும்?

பைண்டு ஆனதும் புத்தகம் ஊர் சுற்றக் கிளம்பும். கல்யாணமாகிப் போன பெண்ணின் டிரங்குப் பெட்டியில், பிரசவத்துக்கு வந்தவளின் தலைமாட்டில், மாற்றலாகிப் போகும் தபால்காரர் வீட்டுச் சாமான்களோடு. பிற்பாடு நான் கிளை நூலகத்தில் வேலை பார்த்தபோது இப்படிப்பட்ட பைண்டுகள் நன்கொடையாக வரும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால், வீட்டு வரியோடு வசூலான நூலக வரியில் நடந்தவை எங்கள் நூலகங்கள். வரிப்பணத்தில் வாங்கிய புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று வாசகர்களைக் கண்டித்திருக்கிறேன். ஆனால் பைண்டுகளின் ஓரங்களில் இருந்ததை ஒருநாளும் அழிக்கவில்லை. ஒருவர் பொன்னியின் செல்வனின் நந்தினியைத் திட்டியிருப்பார், அடுத்தவர் வேறு மையில் அவருக்குப் பதில் எழுதியிருப்பார். முதல் தாளில் கைமாறிய பெயர்கள் வரிசையாக இருக்கும்: “சித்திக்கு”, “கோடி வீட்டு மாமி படித்தது”, “திருப்பித் தரவும்”.

கடல் தாண்டியும் இந்த இதழ்கள் போயின. யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் இருந்த வாசிகசாலைகளில் விகடனும் கல்கியும் கைமாறின. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை இலங்கை அரசு கட்டுப்படுத்தியது. அது அங்குள்ள எழுத்துக்கும் பதிப்புக்கும் இடம் திறந்துவிட்டது.

இங்கே ‘விகட’னில் தில்லானா மோகனாம்பாள், ‘குமுத’த்தில் சாண்டில்யனின் கடல் புறா என்று அப்பாவின் கடைக்குக் கட்டுகள் வந்தபடி இருந்தன. பின்னர் எண்பதுகளில் மாத நாவல்கள் வந்தன, தொண்ணூறுகளில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. தொடரும் போட்டுவிட்டு அடுத்த வாரம் வரை காக்கவைக்கும் வேலையைத் திரை எடுத்துக்கொண்டது. அதை எழுதிய கல்கியின் எழுத்து நாட்டுடைமையானதும் பொன்னியின் செல்வன் பல பதிப்பகங்களிலிருந்து மலிவாகக் கிடைத்தது. அது நல்ல காரியம்தான். ஆனால் பல மலிவுப் பதிப்புகளில், தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்த படங்கள் இல்லை. பக்கத்தின் பின்புறம் இருந்த சோப்பு விளம்பரமும் வாசகர் கடிதமும் எந்தப் பதிப்பிலும் இல்லை. ஒரு வாரம் எப்படி இருந்தது என்பதை அவைதான் சொல்லும்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, பழைய புத்தகங்களையும் இதழ்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் அந்தச் சேகரிப்பு சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. அவர் ஒருவரால் முடிந்தது அவ்வளவு. உங்கள் வீட்டுப் பரணில் பைண்டு இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். முதல் தாளைப் புரட்டி யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து, அவர்கள் யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி, அதைப் புத்தகத்தோடு சேர்த்து ஒரு நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.