கூடவே வந்த படகு

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் நிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பதுதான் டிரையத்லான். நம் குடியிருப்பிலும் இதற்காக விடிவதற்கு முன்பே எழுந்து போகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். "வெளிநாட்டுப் பழக்கம்", "நேரமும் பணமும் இருப்பவர்களின் பொழுதுபோக்கு" என்று அவர்களைப் பற்றிப் பேசுவதும் உண்டு. வரலாற்றைப் பார்த்தால் இரண்டுமே பாதிதான் உண்மை. போட்டியின் பெயரும் தூரமும் வெளியிலிருந்து வந்தவை. ஆனால் வேலை, குடும்பம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே உடம்பின் எல்லையைத் தேடிப் போனவர்கள் நம் பாக் நீரிணையிலும் இருந்தார்கள். அவர்களுடைய கதையில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு பாத்திரம் உண்டு. அது பக்கத்திலேயே வந்த படகு.

முதலில் போட்டி பிறந்த கதையைப் பார்ப்போம். 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், மிஷன் பே என்ற இடத்தில், ஓர் ஓட்டக் கிளப் இந்த மூன்றையும் சேர்த்து ஒரு போட்டி நடத்தியது. கலந்துகொண்டவர்கள் 46 பேர். அவர்களில் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் இருந்தார்கள். பின்னர் அவர்கள் ஹவாய்க்கு மாற்றலாகிப் போனார்கள். நீச்சல்காரரா, ஓட்டக்காரரா, சைக்கிள்காரரா, யாருக்கு உடல்வலு அதிகம் என்ற வாதம் அங்கே எழுந்தது. அதைத் தீர்க்க, அந்தத் தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த மூன்று போட்டிகளை ஒரே நாளில் சேர்த்து வைத்தார்கள். நீச்சல் 3.8 கிலோமீட்டர், சைக்கிள் 180 கிலோமீட்டர், ஓட்டம் 42.2 கிலோமீட்டர். இன்று அயர்ன்மேன் என்று உலகம் அழைப்பது இதைத்தான்.

1978 பிப்ரவரி 18 அன்று நடந்த அந்த முதல் போட்டியில் இறங்கியவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முதலில் வந்தார். இரண்டாவதாக வந்தவர் ஜான் டன்பார். ஒவ்வொருவரும் தனக்கான உதவிக் குழுவைத் தானே அழைத்து வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஓட்டத்தின்போது டன்பாரின் குழுவிடம் தண்ணீர் தீர்ந்துவிட்டது. வேறு வழியின்றி அவருக்கு பீர் கொடுத்தார்கள் என்று அந்தக் கதையை இன்றும் சொல்வார்கள். சிரிப்பு வரும் கதைதான். ஆனால் உடன் வருபவர்களின் கையில் என்ன இருக்கிறது என்பதும் பந்தயத்தின் ஒரு பகுதி என்பதை அது முதல் போட்டியிலேயே காட்டிவிட்டது.

நம் கடலில் இந்தப் பாடம் அதற்கும் முந்தியது. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்குப் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1966 ஏப்ரலில், மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தார். 1964 டிசம்பர் புயல் அழித்துவிட்டுப் போன அதே தனுஷ்கோடிதான். அவருக்குப் பிடித்த நேரம் 25 மணி 36 நிமிடம்.

சென் தொழில்முறை விளையாட்டு வீரர் அல்லர், பாரிஸ்டர். லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் நீண்டதூர நீச்சலில் இறங்கினார். பலமுறை தோற்ற பிறகு, 1958 செப்டம்பர் 27 அன்று 14 மணி 45 நிமிடத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதைக் கடந்த முதல் இந்தியர் அவரே. பாக் நீரிணையில் இந்தியக் கடற்படையின் சுகன்யா, ஷாரதா கப்பல்கள் அவருக்குத் துணையாக வந்தன. அந்தத் துணை எளிதில் கிடைக்கவில்லை. பணம் திரட்ட வேண்டியிருந்தது. ஆதரவு கேட்டு அரசின் கதவையும் தட்ட வேண்டியிருந்தது. நீந்தியது ஒருவர்தான். அவரைக் கரை சேர்க்க விழித்திருந்தவர்கள் பலர்.

அடுத்து வந்தவரும் வழக்கறிஞரே. வல்வெட்டித்துறையில் 1943இல் பிறந்த குமார் ஆனந்தனை ஈழத்தமிழர்கள் "ஆழிக்குமரன்" என்று அழைத்தார்கள். 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அப்படியே திரும்பவும் நீந்திப் போனார். போகவர 51 மணி நேரம். 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் தொடர்ந்து 187 மணி 28 நிமிடம் சைக்கிள் ஓட்டினார். டிரையத்லான் என்ற சொல்லே நம் பக்கம் எட்டாத காலத்தில், தண்ணீரிலும் சைக்கிளிலும் உடம்பைச் சோதித்துப் பார்த்த மனிதர் அவர்.

அவர் கதை வெற்றியில் முடியவில்லை. 1984 ஆகஸ்ட் 6 அன்று, ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில், 41ஆம் வயதில் உயிரிழந்தார். ஆகஸ்டிலும் அந்தக் கால்வாயின் தண்ணீர் பெரும்பாலும் 16 முதல் 18 டிகிரிதான் இருக்கும். அங்கே விதிகளும் கறாரானவை. துணைப் படகும் கண்காணிப்பாளரும் கட்டாயம் வேண்டும். ஆனால் நீந்துபவர் படகைத் தொட்டால் முயற்சி செல்லாது. சாப்பாடு, தண்ணீர் எல்லாம் கயிற்றிலோ கழியிலோதான் நீட்டப்படும். படகு கூட வந்தாலும் கடல் கடல்தான். அப்படியிருக்க, படகே இல்லாமல் இறங்குவதை என்னவென்று சொல்வது?

1994இல் தமிழகத்துச் சிறுவன் குற்றாலீசுவரன் 12 வயதில் பாக் நீரிணையைக் கடந்தார். அதே ஆண்டில் மொத்தம் ஆறு நீரிணைகளையும் கால்வாய்களையும் நீந்தி, ஒரே ஆண்டில் ஐந்தைக் கடந்த சென்னின் சாதனையைத் தாண்டினார். அன்று அவரைச் செய்தித்தாளில் பார்த்த எத்தனையோ பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்கு அனுப்பினார்கள்.

டிரையத்லானில் இந்தியாவின் முன்னோடிகளில் ஒருவர் அனு வைத்தியநாதன். படிப்பால் பொறியாளர், நியூசிலாந்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2009இல் கனடாவில் நடந்த அல்ட்ராமேன் போட்டியை முடித்தார். அது மூன்று நாள் போட்டி. 10 கிலோமீட்டர் நீச்சல், ஏறத்தாழ 420 கிலோமீட்டர் சைக்கிள், 84 கிலோமீட்டர் ஓட்டம். அங்கேயும் ஒவ்வொருவரும் உதவிக் குழுவோடுதான் வர வேண்டும். தனியாக வந்தால் சேர்க்க மாட்டார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இந்தப் பயிற்சிக்குத் திருச்சியைப் போல அமைந்த ஊர்கள் குறைவு. நீந்த அண்ணா விளையாட்டரங்கக் குளம் இருக்கிறது. சமதளத்தில் சைக்கிள் ஓட்டக் காவிரிக் கரையோரமாக முக்கொம்பும் கல்லணையும் இருக்கின்றன. ஏற்றத்துக்குப் பச்சைமலை. கொள்ளிடம் பாலம் தாண்டி, மண்ணச்சநல்லூர், துறையூர் வழியாக மலைமேல் போகச் சுமார் 80 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் அயர்ன்மேன் சைக்கிள் தூரத்தில் பெரும்பகுதி முடிந்துவிடும். சோபனபுரத்தைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் பேச்சு நின்றுவிடும்; மேலே டாப் செங்காட்டுப்பட்டியில் மரவள்ளிக் காடுகளைப் பார்த்தபடி ஒரு டீ குடிக்கும்போதுதான் மறுபடி குரல் வரும்.

வேலைக்குப் போகிறவருக்கு இந்தப் பயிற்சி வாரத்தில் பத்து மணி நேரமாவது கேட்கும். சைக்கிளிலிருந்து இறங்கிய கையோடு ஓடிப் பழக வேண்டும். முதல் ஒரு கிலோமீட்டருக்குக் கால்கள் யாருடையவோ போல இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதால் எல்லாவற்றையும் இருட்டிலேயே தொடங்க வேண்டியிருக்கிறது. ஆபத்தும் அங்கேதான். வெளிச்சமில்லாத சாலை, தூக்கக் கலக்கத்தில் வரும் லாரி, குறுக்கே ஓடும் நாய். ஆறும் நம்பத்தக்கதல்ல. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் ஓரிரு நாளில் இழுப்பு மாறிவிடும். ஆடிப்பெருக்கன்று கும்பிட்டுவிட்டு வரும் அதே காவிரியில் மணல் அள்ளிய பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியாது.

நெடுந்தூரச் சைக்கிள் உலகில் பிரெவே என்றொரு பழைய மரபு உண்டு. பிரான்சில் தொடங்கியது, இன்று இந்தியாவெங்கும் நடக்கிறது. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. கையில் ஓர் அட்டை தருவார்கள். குறிப்பிட்ட இடங்களில் குறிப்பிட்ட நேரத்துக்குள் அதில் முத்திரை வாங்க வேண்டும். ஒருவர் எங்கே இருக்கிறார், எப்போது கடந்தார் என்பது அதில் இருக்கும். கடலில் படகு செய்யும் வேலையில் ஒரு பங்கைச் சாலையில் அந்தச் சின்ன அட்டை செய்கிறது.

இதையே நாமும் செய்யலாம். வாசலில் காவலர் மேசைமேல் ஒரு நோட்டு வைப்போம். காலை ஐந்து மணிக்கு முன் சைக்கிளிலோ ஓட்டத்துக்கோ போகிறவர்கள் பெயர், போகும் சாலை, திரும்பும் நேரம் மூன்றையும் எழுதட்டும். சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் ஆகியும் வராவிட்டால் காவலர் வீட்டுக்கு ஒரு போன் போடட்டும். தனியாகப் போகத் தயங்கும் பெண்கள், புதிதாகத் தொடங்கும் பிள்ளைகள், அறுபது தாண்டியவர்கள் எல்லோருக்கும், அதே நேரத்தில் வேறு யார் கிளம்புகிறார்கள் என்று அந்த நோட்டே சொல்லிவிடும். ஆற்று நீச்சலுக்கு மட்டும் நோட்டு போதாது. பயிற்சியாளரும் படகும் இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம், எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்திருந்தாலும் சரி.

நாற்பது ரூபாய் நோட்டு, ஒரு பேனா. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக வைக்கும்படி நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.