மரமும் மரையாணியும்

வானத்திற் செல்லும் விமானத்தைக் காண்போர் அதன் சிறகை வியப்பர். பொறியின் முழக்கத்தை வியப்பர். முகப்பிலே சுழலும் விசிறியைப் பொறியின் தண்டோடு பிணைத்து நிற்கும் ஆறு அல்லது எட்டு மரையாணிகளை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. உருவிற் சிறியோரை இகழலாகாது என்று உணர்த்த வந்த வள்ளுவர் பெருந்தேரின் அச்சாணியைச் சான்று காட்டினார். அச்சாணி கழன்றால் தேர் வீதியிலே நின்றுவிடும், இறங்கிச் செப்பனிடலாம். விமானத்தின் அச்சாணி கழன்றாலோ இறங்கி நிற்க வீதி இல்லை. இந்தச் சிறிய ஆணிகளை முறையாக முடுக்கும் கலைக்கு ஒரு வரலாறு உண்டு. அது விமானத்தின் வரலாற்றோடு உடன்பிறந்தது.

1903ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் கிட்டி ஹாக் மணற்பரப்பில் ரைட் சகோதரர் இருவரும் தாமே செய்த விமானத்தோடு காத்திருந்தனர். இன்றைய வழக்கிற் கூறினால் அது வீட்டிற் செய்த விமானமே. பொறியின் விசையைச் சங்கிலி வழியாகப் பெற்றுச் சுழன்றன அதன் இரண்டு மர விசிறிகள். பொறியை ஓடவிட்டபோதெல்லாம் அதன் அதிர்வினால், பற்சக்கரங்களை விசிறித் தண்டுகளிற் பிடித்திருந்த நட்டுகள் தளர்ந்தன. எவ்வளவு முடுக்கியும் பயனில்லை. துவிச்சக்கர வண்டித் தொழிலிற் பழகிய அவர்கள், வண்டிச் சக்கரத்தில் ரயரை ஒட்டும் பசையை உருக்கி மரைகளில் ஊற்றினர். நட்டுகள் அசையாது நின்றன. அதன்பின் குழாய்த் தண்டொன்று வெடிக்கவே, இளையவரான ஓர்வில் ஊர் திரும்பி உறுதியான உருக்குத் தண்டுகளைச் செய்து கொணர்ந்தார். டிசம்பர் 17ஆம் நாள் விமானம் எழுந்தது. பொறியால் இயங்கிய விமானத்தில் மனிதனின் முதற் பறப்பைப் பல நாட்கள் தாமதப்படுத்தியவற்றுள் தளர்ந்த நட்டும் ஒன்று.

அந்த ஆர்வம் தமிழ்நாட்டையும் விரைவில் எட்டிற்று. சென்னை மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் என்பார், வண்டி கட்டுவதிற் பெயர்பெற்ற சிம்சன் நிறுவனத்தாரின் துணையோடு ஒரு விமானத்தைச் செய்வித்தார். 1910ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பல்லாவரத்தில் அதனைப் பறக்கவிட்டார். குதிரை வண்டியின் சக்கரத்துக்குக் குடமும் ஆரக்காலும் இசைத்த தச்சருக்கும் கொல்லருக்கும் வானூர்தி வேலை வந்து சேர்ந்தது அவ்விதமே.

கிழக்கிலங்கையிலே இக்கலைக்குக் களமாய் அமைந்தது திருகோணமலைக் கப்பல்துறை. துறைமுகத்தின் உட்கரையில், எண்ணெய்க் குதங்களுக்கு அருகே உள்ளது சீனன்குடா விமானத் தளம். 1939ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பிரித்தானிய விமானப் படையின் 273ஆம் பிரிவு அங்கே அமைக்கப்பட்டது. வில்டபீஸ்ட், சீல் என்னும் இரட்டைச் சிறகு விமானங்களே அதன் உடைமை. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் தளத்தையும் தாக்கியபோது, அலகின் கோணத்தைப் பறக்கும்போதே மாற்றவல்ல விசிறியுடைய ஹரிக்கேன் விமானங்கள் அவற்றை எதிர்த்து எழுந்தன. ஒரே மரத்துண்டாய் அமைந்த விசிறியின் காலம் போர்ப்படையில் முடியலாயிற்று. ஆயினும் சிறு விமானங்களிலும், ஆர்வலர் தம் கையாற் செய்யும் விமானங்களிலும் அது இன்றும் வாழ்கின்றது. சீனன்குடாவும் இன்று இலங்கை விமானப் படையின் பயிற்சிக் கல்லூரியாக விளங்குகின்றது.

மர விசிறியை ஆணிகளே சுழற்றுகின்றன என்று பலர் எண்ணுவர். அது பிழை. விசிறியின் நடுப்பகுதியான குடம், தண்டின் முகத்தட்டுக்கும் முன்புறத்து உலோகத் தட்டுக்கும் இடையே இறுக அழுத்தப்படுகின்றது. அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வே பொறியின் விசையை மரத்துக்குக் கடத்துகின்றது. ஆணிகளின் கடமை அழுத்திப் பிடிப்பது மட்டுமே. அழுத்தம் குறைந்தால் பொறியின் ஒவ்வொரு துடிப்புக்கும் குடம் தட்டின்மீது சிறிது அசையும். அசைவினால் வெப்பம் பிறக்கும், மரம் கருகும், ஆணித் துளைகள் நீளும். முன்னும் பின்னும் வளைந்து களைத்த ஆணிகள் ஒவ்வொன்றாய் முறியும். இறுதியில் விசிறி தண்டைவிட்டுப் பிரியும்.

அப்படியாயின் வலிமை உள்ளவரை முடுக்கிவிடலாமே என்று தோன்றும். அதுவும் கேடே. அளவு மீறினால் மரத்தின் நார்கள் நசுங்கும். நசுங்கிய மரம் பழைய நிலைக்கு மீளாது. சிறு விமானங்களின் மர விசிறிக்குப் பெரும்பாலும் 20 அடி-இறாத்தலை ஒட்டிய முறுக்கு விசையே போதும். அதாவது, ஓரடி நீளமுள்ள ஸ்பனரின் நுனியை 20 இறாத்தல் விசையோடு இழுப்பது. ஆணியின் பருமனுக்கேற்ப இது மாறுமாதலால், விசிறியைச் செய்தவர் குறித்த அளவே முடிவானது. உலோக விசிறியிற் பழகிய கை, மரத்தை நசுக்கிவிடும்.

இங்கே திருகோணமலையின் பருவம் தன் பங்கைக் கேட்கின்றது. ஐப்பசி தொடங்கித் தை வரை வாடையோடு வரும் மழையில் மரம் ஈரத்தை உண்டு பருக்கும். மரம் நார் ஓடும் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதில்லை, குறுக்குவாக்கிலேயே பருக்கும். ஆணிகள் ஊடுருவுவதும் அதே குறுக்குவாக்கில். பருக்க முயலும் மரம், அசையாத உலோகத் தட்டுகளிடையே தன்னைத் தானே நசுக்கிக்கொள்கின்றது. பின்னர் வைகாசி, ஆனி மாதங்களில் வெப்பமான கச்சான் காற்று வீசும்போது மரம் உலர்ந்து சுருங்கும். மாரியில் முறையாக முடுக்கிய ஆணி, ஒருவர் கையும் படாமலே கோடையில் தளர்ந்திருக்கும். மாரிக்கும் கோடைக்கும் பலகை பொருத்தம் மாறுவதைத் தோணி கட்டுவோர் நன்கு அறிவர். விமானத்துக்கும் அதுவே விதி.

ஆகவே முறை இதுவாயிற்று. எதிரெதிர் ஆணிகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குதல் வேண்டும். பின், எரிபற்றற் சுவிச்சை நிறுத்தித் தீப்பொறிச் செருகிகளைக் கழற்றிவிட்டு, விசிறியின் நுனியருகே அசையாத குறியொன்றை நாட்டிக் கையாற் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். இரு அலகுகளின் நுனியும், குறித்த அளவுக்குள், ஒரே தளத்திற் செல்லவேண்டும். செல்லாவிடின் முடுக்கு சமமாக இல்லை. எல்லாம் ஒத்தபின் ஆணித் தலைகளைக் கம்பியாற் பிணைப்பர். புதிய விசிறியை முதற் பறப்பின் பின்னரும், சில மணிநேரப் பறப்பின் பின்னரும், அதன்பின் பருவம் மாறுந்தோறும் சோதிப்பர். இறுகக் கட்டிய கம்பி, ஆணி திரும்பாமற் காக்குமேயன்றி மரம் சுருங்காமற் காக்காது. கம்பி கட்டியிருக்கின்றது என்று கருதிச் சோதனையைத் தவிர்ப்போர் ஏமாறுவது இவ்விடத்திலேதான்.

ரைட் சகோதரரின் பசைக்கும் இன்றைய அளவுகோலுக்கும் இடையே நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்துவிட்டது. அவர்கள் கையாண்ட பசை மறைந்தது. அவர்கள் கற்ற பாடம் மறையவில்லை. ஒருமுறை முடுக்கியதனால் ஓர் ஆணி என்றைக்கும் இறுகியிருக்கும் என்று கொள்ளலாகாது. மாரி கழிந்து முதற் கச்சான் வீசும் நாளில், கையில் ஸ்பனரோடு விமானத்தின் முன் நிற்பவரே அதனை மீண்டும் நிலத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர்.