கிருபைக்கு அத்தாட்சி கேட்டவர்கள்

1637ஆம் ஆண்டு நவம்பர் மாதம். வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறியிருந்த மாசசூசெட்ஸ் விரிகுடாப் பகுதியில், இன்று கேம்பிரிட்ஜ் எனப்படும் நியூட்டவுனில், சபை கூடும் கட்டடமே நீதிமன்றமாக மாறியிருந்தது. சுமார் 40 ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். வயது 46. பதினைந்து பிள்ளைகளைப் பெற்றவர். பாஸ்டன் நகரப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தவர். பெயர் ஆன் ஹட்சின்சன். குற்றம் சாட்டியவர், விசாரித்தவர், தீர்ப்பு வாசித்தவர் மூவரும் ஒருவரே: ஆளுநர் ஜான் வின்திராப். நெடுநேரம் நின்று அவர் முகம் சோர்ந்த பிறகே உட்கார அனுமதி கிடைத்தது.

இந்த வழக்கை மதச் சுதந்திரத்துக்கான போராட்டமாகச் சொல்வது வழக்கம். அப்படிச் சொல்லும்போது அதன் மையத்தில் இருந்த இறையியல் கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. ஒரு மனிதர் இரட்சிக்கப்படுவது கடவுளின் கிருபையாலா, தன் கிரியையாலா? கிருபையால்தான் என்றால், அது கிடைத்துவிட்டது என்பதை எப்படி அறிவது? அதைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? மூன்றாவது கேள்விதான் அந்தக் கட்டடத்தில் விசாரிக்கப்பட்டது.

கேள்வி பழையது. ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்டினும் பெலாஜியசும் மோதிக்கொண்டது இதில்தான். மனிதருக்கு நன்மையைத் தேர்ந்துகொள்ளும் சித்தம் உண்டு, அதற்கு அவரே பொறுப்பு என்றார் பெலாஜியஸ். பாவத்தில் கட்டுண்ட சித்தம் தானாக எழ முடியாது, கிருபையே அதை எழுப்ப வேண்டும் என்றார் அகஸ்டின். மார்ட்டின் லூதரும் ஜான் கால்வினும் அகஸ்டின் பக்கம் நின்றார்கள். மனித சித்தத்துக்குச் சற்று இடம் தந்த ஆர்மீனியசின் வழிவந்தவர்களை 1618–19இல் கூடிய டார்ட் பேரவை நிராகரித்தது. யார் மீட்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே குறித்துவிட்டார். விசுவாசமும் அவர் தரும் கொடையே. மனிதர் அதைச் சம்பாதிக்க முடியாது. மாசசூசெட்ஸுக்குக் கப்பலேறிய பியூரிட்டன்கள் இந்தப் போதனையில் ஊறியவர்கள்.

ஆனால், இந்தப் போதனை தீராத ஒரு பதற்றத்தையும் உடன் கொண்டுவந்தது. எல்லாம் முன்பே குறிக்கப்பட்டிருந்தால், என் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலான போதகர்கள் நடைமுறைக்கு உகந்த ஒரு பதிலைக் கண்டுபிடித்திருந்தார்கள். நல்ல நடத்தை இரட்சிப்பைத் தராது. ஆனால் இரட்சிக்கப்பட்டவரிடம் நல்ல நடத்தை வெளிப்படும். ஆகவே ஒழுக்கம், ஜெபம், கீழ்ப்படிதல் ஆகியவற்றைக் கண்டு ஒருவர் ஓரளவு தேறுதல் அடையலாம். முன்வாசல் வழியாக வெளியேற்றிய கிரியையை அவர்கள் பின்வாசல் வழியாக அழைத்துக்கொண்டார்கள், இம்முறை அத்தாட்சி என்ற பெயரில்.

அந்த அத்தாட்சிக்கு அரசியல் விலையும் இருந்தது. 1631 முதல் அந்தக் குடியேற்றத்தில் சபை உறுப்பினர்களான ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை. உறுப்பினராக வேண்டுமானால், தனக்குள் கிருபை செயல்பட்டிருக்கிறது என்பதைச் சபைக்கு நம்பும்படி காட்ட வேண்டும். அதைச் சோதித்து ஏற்றவர்கள் போதகர்களும் மூப்பர்களும். பெண்களும் உறுப்பினர் ஆகலாம், வாக்களிக்க முடியாது. கிருபை விலையின்றிக் கிடைத்தாலும், அது கிடைத்ததற்கான சான்றிதழை எழுதித் தந்தவர்கள் ஆண்கள்.

ஆன், 1591இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஆல்ஃபர்டு என்ற ஊரில் பிறந்தவர். தந்தை பிரான்சிஸ் மார்பரி திருச்சபை ஊழியர். பயிற்சியற்ற குருக்களை நியமிப்பதாகத் தலைமையைச் சாடிச் சிறை சென்றவர். 1612இல் துணி வணிகர் வில்லியம் ஹட்சின்சனை ஆன் மணந்தார். ஜான் காட்டன் என்ற போதகரின் பிரசங்கங்கள் ஆனை ஈர்த்தன. கிருபையின் முன் மனித முயற்சி ஒன்றுமில்லை என்பதைக் காட்டன் மற்றவர்களைவிட அழுத்திச் சொன்னவர். அதிகாரிகளின் நெருக்கடியால் அவர் அமெரிக்கா போனபின், 1634இல் ஹட்சின்சன் குடும்பமும் கடல் கடந்தது.

பாஸ்டனில் ஆனின் வீடு வின்திராப்பின் வீட்டுக்கு எதிரில் இருந்தது. பிரசவ அறைகளில் அவருக்குப் பெண்களிடம் நெருக்கம் உண்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை வாரநாளில் தன் வீட்டில் பெண்களோடு பேசி விளக்கத் தொடங்கினார். கூட்டம் 60, 80 பேர் என்று பெருகியது. ஆண்களும் வந்தார்கள், ஒரு கட்டத்தில் ஆளுநராக இருந்த இளைஞர் ஹென்றி வேனும் வந்தார். அங்கே பேசப்பட்ட செய்தி எளிமையானது: நன்னடத்தையை இரட்சிப்பின் அடையாளமாகக் காட்டும் போதகர்கள் கிருபையின் உடன்படிக்கையை விட்டுக் கிரியையின் உடன்படிக்கையைப் போதிக்கிறார்கள். மீட்பின் உறுதியைப் பரிசுத்த ஆவி நேரடியாக உள்ளத்தில் தருகிறது. வெளிநடத்தையை வைத்து யாரும் யாரையும் அளக்க முடியாது.

இது பெண்களுக்கு என்னவாகக் கேட்டிருக்கும்? விடிந்தது முதல் கிரியையிலேயே உழல்பவர்கள் அவர்கள். கீழ்ப்படிதல், அடக்கம், பொறுமை என்று அவர்களுடைய அத்தாட்சிப் பட்டியல் ஆண்களுடையதைவிட நீண்டது. அந்தப் பட்டியல் உன் இரட்சிப்பைப் பற்றி எதையும் சொல்லாது என்று ஒரு மருத்துவச்சி சொல்கிறார். மனித சித்தத்தால் ஒன்றும் ஆகாது என்பது கேட்பதற்கு நம்மை ஒடுக்கும் போதனையாகத் தோன்றலாம். ஆனால் அது எல்லாருடைய சித்தத்துக்கும் பொருந்தும். போதகரின் சித்தத்துக்கும் கணவரின் சித்தத்துக்கும் சேர்த்துத்தான். கடவுள் நேரடியாகத் தருவதை இடையில் நிற்பவர் அளந்து பார்க்க முடியாது. மனித சுதந்திரத்தை மறுத்த ஒரு கோட்பாட்டுக்குள் அந்தப் பெண்கள் மூச்சு விட ஓர் இடம் கண்டது இப்படித்தான்.

ஆட்சியாளர்களும் இதைப் புரிந்துகொண்டார்கள். 1637 மே மாதத் தேர்தலில் வின்திராப் மீண்டும் ஆளுநரானார். அந்த ஆண்டு கூடிய போதகர் பேரவை 82 கருத்துகளைப் பிழை என்று கண்டித்தது. ஒரு பெண் தலைமையேற்று நடத்தும் பெருங்கூட்டம் ஒழுங்கற்றது என்றும் தீர்மானித்தது. நவம்பரில் வழக்கு வந்தது.

ஐந்தாம் கட்டளையை மீறினாய் என்பது முதல் குற்றச்சாட்டுகளில் ஒன்று. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணச் சொல்லும் அந்தக் கட்டளையில் பெற்றோர் என்பது ஆட்சியாளர்களையும் குறிக்கும் என்பது வின்திராப்பின் வாதம். தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில் முதிய பெண்கள் இளையவர்களுக்குப் போதிக்கச் சொல்லியிருக்கிறதே என்றார் ஆன். நான் பெண்களுக்குப் போதிப்பது தகாது என்றால், இந்த அவைக்குப் போதிக்க என்னை ஏன் அழைத்தீர்கள் என்று திருப்பிக் கேட்டார். உன் பாலினத்தாரோடு வாதாடுவது எங்கள் நோக்கமில்லை என்ற பொருளில் பதில் வந்தது. சாட்சி சொன்ன போதகர்கள் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும் என்று அவர் கோரியபோது அவை தடுமாறியது.

இரண்டாம் நாள் வழக்கு தளர்ந்திருந்த வேளையில், ஆன் தானாகவே பேசினார். உண்மையான போதகரை இனங்காணக் கடவுள் தன் ஆத்துமாவுக்கு நேரடியாக வெளிப்படுத்துகிறார் என்றார். ஆபிரகாமுக்கு அந்தக் குரல் கேட்டது போலத்தான் எனக்கும் என்றார். தன்னைத் துன்புறுத்தினால் கடவுள் இந்த நாட்டை அழிப்பார் என்றும் எச்சரித்தார். அவைக்கு அது போதுமானதாக இருந்தது. நாடுகடத்தும் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. எதற்காக என்று அவர் கேட்டார். எதற்கென்று அவைக்குத் தெரியும், அவைக்குத் திருப்தி என்று ஆளுநர் முடித்துவிட்டார்.

ஆனை நம் காலத்துப் பெண்ணியவாதியாக ஆக்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. எல்லாருக்கும் கருத்துச் சுதந்திரம் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. போதகர்களில் யார் கிருபை பெற்றவர், யார் பெறாதவர் என்று அவரும் பிரித்துச் சொன்னார். உள்ளத்தின் குரலுக்கு வெளிச்சாட்சி கிடையாது. அதுவே அதன் பலம், அதுவே அதன் அபாயம். ஆனால் அதே உறுதியோடு பேசிய ஆண்கள் அன்று நீதிபதிகளாக அமர்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

குளிர்காலம் முழுவதும் அவர் ராக்ஸ்பரியில் ஒரு வீட்டில் காவலில் வைக்கப்பட்டார். 1638 மார்ச்சில் பாஸ்டன் சபை அவரை விசாரித்தது. மனைவியாக இருப்பதை விட்டுக் கணவனாகவும், கேட்பவளாக இருப்பதை விட்டுப் போதகராகவும் நடந்துகொண்டாய் என்று போதகர் ஹியூ பீட்டர் கடிந்தார். சோர்ந்திருந்த ஆன் தன் பிழைகளை ஒப்புக்கொண்டு எழுதிவந்ததை வாசித்தார். ஆனால், மனந்திரும்புதல் அவர் முகத்தில் தெரியவில்லை என்றார் அங்கிருந்த ஒருவர். பொய் சொன்னதாக முடிவு கட்டிச் சபைநீக்கம் செய்தார்கள். அவர் வெளியே நடந்தபோது மேரி டயர் என்ற இளம்பெண் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

அதன்பின் நடந்ததுதான் இந்த வரலாற்றில் என்னால் எளிதாகக் கடக்க முடியாத இடம். மேரி டயருக்கு 1637 அக்டோபரில் ஊனமுற்ற குழந்தை இறந்து பிறந்திருந்தது. பிரசவம் பார்த்தவர்களில் ஆன் ஒருவர். காட்டனின் ஆலோசனைப்படி குழந்தையை ரகசியமாகப் புதைத்திருந்தார்கள். செய்தி கசிந்ததும் வின்திராப் அந்தச் சிற்றுடலைத் தோண்டி எடுக்கவைத்தார். கொம்பும் செதிலுமாக அதை வருணித்து எழுதினார். சில மாதங்களில், ரோட் தீவுப் பகுதியில் புதுக் குடியிருப்பில் இருந்த ஆனுக்கும் கர்ப்பம் சிதைந்தது. கரு உருக்கொள்ளாமல் நீர்க்கொப்புளக் கொத்தாக வளரும் முத்துப்பிள்ளைக் கர்ப்பமாக அது இருந்திருக்கலாம் என்று பிற்கால மருத்துவ ஆய்வுகள் கருதுகின்றன. வின்திராப் அங்கிருந்த மருத்துவரிடம் விவரம் கேட்டு வாங்கினார். 1644இல் வெளியான அவருடைய நூலின் முன்னுரையில் தாமஸ் வெல்ட், ஆன் ஏறக்குறைய முப்பது விகாரப் பிறவிகளை ஈன்றார், அவருடைய தவறான கருத்துகளும் அத்தனையே என்று கணக்குச் சொன்னார்.

இங்கே இறையியல் விவாதம் ஒரு பெண்ணின் கருப்பைக்குள் போய் முடிகிறது. வெளி அடையாளத்தைக் கொண்டு கிருபையை அளக்கலாம் என்றவர்கள், அதே முறையால் சாபத்தையும் அளந்தார்கள். முகத்தை வாசித்தார்கள், கருப்பையை வாசித்தார்கள். கணவர் இறந்தபின் ஆன் டச்சுக்காரரின் ஆட்சிப்பகுதிக்குக் குடிபெயர்ந்தார். டச்சு ஆளுநர் கீஃப்ட் பூர்வகுடிகள்மீது நடத்திய படுகொலைகள் போரை மூட்டியிருந்தன. அந்தப் போரில், 1643இல், ஆனும் அவர் பிள்ளைகள் சிலரும் கொல்லப்பட்டார்கள். பாஸ்டன்காரர்கள் அந்தச் சாவையும் கடவுளின் தீர்ப்பு என்றே வாசித்தார்கள்.

ஆனின் கையெழுத்தில் அவர் வாதம் நமக்குக் கிடைக்கவில்லை. எதிராளிகள் எழுதியதும், யார் எழுதியதென்று தெரியாத ஒரு விசாரணைக் குறிப்புமே மிஞ்சின. அந்தக் குறிப்பை 1767இல் அச்சிட்டவர், அவர் வழிவந்த தாமஸ் ஹட்சின்சன். கைபிடித்து நடந்த மேரி டயர் பின்னாளில் குவேக்கர் ஆகி, திரும்பி வராதே என்ற பாஸ்டனுக்கே திரும்பிவந்து, 1660இல் தூக்கிலிடப்பட்டார்.

1987இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ், ஆனின் நாடுகடத்தல் ஆணையை ரத்துசெய்து அவருக்கு மன்னிப்பு வழங்கினார். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனாலும் மன்னிப்பவர் மேலேயும் மன்னிக்கப்படுபவர் கீழேயும் நிற்கும் அதே ஏற்பாட்டில், 350 ஆண்டுகளுக்குப் பிறகும் ஆளுநரே கொடுக்கிறார். எதற்காக என்று அந்த நவம்பரில் ஆன் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் பாக்கி.