செல்வ நாடு, வலிய படை: ஷிரோயாமா குன்றில் சாய்ந்த மாவீரன்

'ஃபுகோகு கியோஹெய்' என்பது நாட்டைச் செல்வமாக்கிப் படையை வலிதாக்கு என்று பொருள்படும், பழஞ்சீன அரசியல் நூல்களிலிருந்து பெறப்பட்டு ஜப்பானின் மெய்ஜி அரசின் முழக்கமாக மாறிய தொடராகும். அம்முழக்கத்தால் உருவான படை 1894-95ஆம் ஆண்டுப் போரில் சீனாவை வீழ்த்திய வரலாறே இவ்வாரம் சொல்ல எண்ணியது. ஆயினும் அப்படையின் முதல் பெருவெற்றி சொந்த மண்ணின் சாமுராய்களுக்கு எதிராகவே கிட்டியது என்பதால், சைகோ தகமோரியைச் சொல்லாமல் அப்போர்க்களத்துக்குச் செல்ல வழியில்லை.

சத்சுமா நாட்டின் ககோஷிமாவில் எளிய சாமுராய்க் குடும்பத்தில் பிறந்த சைகோ, 1868இல் எடோ நகரம் (இன்றைய தோக்கியோ) பெரும்போரின்றிப் பேரரசரின் படைக்குப் பணிய வழிசெய்தவர். இளமை நண்பர் ஓகுபோ தோஷிமிச்சி இவாகுரா தூதுக்குழுவுடன் மேலைநாடுகளில் இருந்தபோது சைகோ முன்னின்று நடத்திய அரசே, 1873 ஜனவரியில் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டத்தைப் பிறப்பித்தது. அதற்கான அறிவிப்பில் படைப்பணி 'கெட்சுசெய்', அதாவது குருதிவரி என்று குறிக்கப்பட்டிருந்தமையால், உடலிலிருந்து உண்மையாகவே குருதியை எடுப்பார்கள் என்று அஞ்சிய உழவர்கள் பல ஊர்களில் கலகம் செய்தனர். அதே ஆண்டில் நிலமதிப்பில் நூற்றுக்கு மூன்று பங்கைப் பணமாகச் செலுத்தும் நிலவரியும் அவர்கள்மீது விழுந்தது.

கொரியாமீது படையெடுப்பது பற்றிய பூசலில் பதவி துறந்து ஊர் திரும்பிய சைகோ, வாளும் மானியமும் பறிக்கப்பட்ட சாமுராய்களின் சினத்துக்குத் தலைமை ஏற்று 1877 பிப்ரவரியில் புறப்பட்டார். குமமோட்டோ கோட்டையை அவர்கள் ஏறத்தாழ ஐம்பது நாட்கள் முற்றுகையிட்டும், உள்ளிருந்த கட்டாயப் படையினர் பணியவில்லை. தபருசாகா மேட்டில் மார்ச் மாதத்தில் பதினேழு நாட்கள் நடந்த கடும்போரில் அரசுப் படையே வென்றது. செப்டம்பர் 24ஆம் நாள் விடியலில், ககோஷிமாவின் ஷிரோயாமா குன்றில் எஞ்சிய சில நூறு பேருடன் சைகோ மாண்டார்.

ஜப்பானியர் அவரைப் போற்றுவது முறையே. 1889இல் பேரரசு அவரை மன்னித்ததும், 1898இல் தோக்கியோவின் உவேனோ பூங்காவில் சிலை எழுந்ததும் தகுந்த சிறப்புகளே. ஆனால் நண்பனுக்கு எதிராகப் படையை ஏவி, மறு ஆண்டே சாமுராய்களின் வாளுக்கு இரையான ஓகுபோவைக் கொடியவர் என்பது நீதியாகாது. நாட்டின் செல்வத்துக்கு அடித்தளமிட்டவர்களில் அவர் முதன்மையானவர். அவ்விருவரிலும் மேலானவர், வரியாகப் பணத்தையும் படைக்கு மகனையும் ஈந்த பெயரறியா உழவரே. போர் பிறவிக் குலத்தின் தனியுரிமை அன்று என்பதைக் குமமோட்டோவில் நிறுவியவர்கள் அவருடைய பிள்ளைகளே. அந்தப் பிள்ளைகள் கடல் கடந்து சீனப் படையை எதிர்கொண்ட வரலாறு அடுத்த வாரத்துக்கு உரியது.