ரயில் நிற்காத ஊரின் ரயில் வரலாறு

நம் நகர்வாசிகளில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. வடக்கே டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் போகும் ரயில்கள் நமக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி ஓடுகின்றன. சோழவரத்துக்கு மட்டும் ஏன் ஒரு ஸ்டேஷன் இல்லை? மின்சார ரயில் பிடிக்க நாம் ஏன் மீஞ்சூருக்கோ பொன்னேரிக்கோ போக வேண்டும்?

இந்தப் பழைய கேள்விக்கு இப்போது புது அவசரம் வந்திருக்கிறது. 2026 பிப்ரவரியில் தாக்கலான மத்திய பட்ஜெட்டில் ஏழு அதிவேக ரயில் பாதைகள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஹைதராபாத் - சென்னை ஒன்று, சென்னை - பெங்களூரு இன்னொன்று. ஹைதராபாத் பாதை சென்னைக்குள் நுழைய வேண்டுமானால் நம் திருவள்ளூர் மாவட்டத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். எனவே, முன்பு இங்கே பாதை தேர்ந்தெடுத்தபோது என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதல் தண்டவாளம் செங்குன்றத்தில்

இந்தியாவின் முதல் ரயில் 1853-ல் பம்பாயிலிருந்து தானேவுக்கு ஓடியது என்று பள்ளியில் படித்தோம். அது முதல் பயணிகள் ரயில். அதற்குச் சுமார் 16 ஆண்டுகள் முன்பே, 1837 வாக்கில், நம் பக்கத்து ஊரான செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை பாலம் வரை ஒரு ரயில் பாதை இருந்தது. சென்னையில் சாலை போடக் கல் ஏற்றிச் செல்வதுதான் அதன் வேலை. அமைத்தவர் ஆர்தர் காட்டன். பிற்காலத்தில் கோதாவரியில் அணை கட்டியதற்காக ஆந்திர மக்கள் இன்றும் கொண்டாடும் அதே பொறியாளர். நீராவி எஞ்சினை வைத்துச் சோதித்தார்கள். ஆனாலும் வண்டிகளைப் பெரும்பாலும் மாடுகளும் குதிரைகளுமே இழுத்தன.

அந்தப் பாதை நீடிக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நமக்கு முதலில் தண்டவாளம் போட்ட காட்டன்தான் பிறகு வாழ்நாள் முழுவதும், "இந்தியாவுக்கு ரயிலைவிடக் கால்வாய்தான் மலிவு, பாசனத்துக்கும் ஆகும், போக்குவரத்துக்கும் ஆகும்" என்று வாதாடினார்.

மேற்கே போன பாதை

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. திருவள்ளூர், அரக்கோணம் வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். அங்கிருந்து மேற்குக் கடற்கரையை எட்டுவது நோக்கம். பம்பாயோடு இணைக்க அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா, கடப்பா, குண்டக்கல் வழியாக ராய்ச்சூர் வரை இன்னொரு பாதை. அது 1871-ல் இணைந்தது.

கவனியுங்கள்: வடக்கே போக வேண்டிய ரயில் முதலில் மேற்கே போய்த்தான் வடக்கே திரும்பியது. நம் பக்கத்தில் நேரே வடக்கே போகும் பாதைக்கு யாரும் அவசரப்படவில்லை. கடற்கரையோரச் சரக்குக்குக் கப்பல் இருந்தது; படகு இருந்தது. சென்னையிலிருந்து எண்ணூருக்கு 1806-லேயே கால்வாய் வந்துவிட்டது. படிப்படியாக நீண்டு, 1878 முதல் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் பெற்று, கிருஷ்ணா கால்வாய்களோடு அது சேர்ந்தது. உப்பும் விறகும் நெல்லும் அதில் வந்தன. மலிவான வழி ஒன்று இருக்கும்போது முதலீடு செய்பவன் இன்னொன்றுக்குப் பணம் போடத் தயங்குவான். வங்கியில் கடன் விண்ணப்பம் பார்த்த எனக்கு இது எளிதில் புரிகிறது.

1899-ல் நம்மைத் தாண்டிய பாதை

கிழக்குக் கடற்கரைப் பாதை கட்டக்கிலிருந்து விஜயவாடா வரை 1890-களில் வந்தது. விஜயவாடாவிலிருந்து கூடூர் வழியாகச் சென்னைக்கு 1899-ல் இணைப்பு கிடைத்தது. அந்தப் பாதைதான் இன்று எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று போகிறது.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ராயபுரமும் துறைமுகமும் கடலோரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து கூடூருக்குக் கோடு இழுத்தால் அது எண்ணூர், பொன்னேரிப் பக்கமாகவே போகும். நம் ஜி.என்.டி. சாலையோ பழைய காலத்து வடக்கு நெடுஞ்சாலை. புழல், செங்குன்றம், சோழவரம், காரனோடை என்று ஏரிகளையும் சத்திரங்களையும் தொட்டு உள்ளே வளைந்து வந்து, கவரைப்பேட்டையில்தான் ரயிலோடு சேர்கிறது. சாலை தண்ணீரும் நிழலும் இருந்த இடம் தேடிப் போனது; தண்டவாளம் தூரத்தைக் குறைத்துப் போனது. நடுவில் நாம் விடுபட்டோம்.

வரவும் செலவும்

ஸ்டேஷன் வந்ததால் மீஞ்சூரும் பொன்னேரியும் அடைந்த வரவு தெரிந்ததே. படிக்கப் போகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் குறைந்த செலவில் சென்னைக்குப் போய் வந்தார்கள். கும்மிடிப்பூண்டிக்குச் சிப்காட் வந்தது. ஆனால் செலவுக் கணக்கும் உண்டு. ரயில் இருந்த எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம்தான் அனல்மின் நிலையங்களும் நிலக்கரியும் சாம்பலும் வந்து சேர்ந்தன.

நமக்கு ரயில் கிடைக்கவில்லை, லாரி கிடைத்தது. செங்குன்றத்து அரிசி ஆலைகளும் சாலையோரக் கிடங்குகளும் ஜி.என்.டி. சாலையின் பிள்ளைகள். சோழவரம் ஏரி சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியாக நிலைத்தது. இன்று அதன் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. வேகம் நமக்கு அந்நியமும் அல்ல: இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் 1950-களில் தொடங்கி 1980-கள் வரை கார், பைக் பந்தயங்கள் நடந்ததை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

புல்லட் ரயில் வளையாது

அன்றைய ரயில் பாதை மேடு பள்ளம் பார்த்து ஓரளவு வளைந்து கொடுக்கும். அதிவேக ரயில் அப்படியல்ல. இப்போது கட்டப்படும் மும்பை - அகமதாபாத் பாதையில் (508 கி.மீ., 12 ஸ்டேஷன்கள்) வளைவின் ஆரம் பொதுவாக 6,000 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது கணக்கு. அதாவது ஓர் ஏரியையோ ஒரு குடியிருப்பையோ சுற்றிப் போக வேண்டுமானால் பல கிலோமீட்டர் முன்னாலேயே திருப்பியாக வேண்டும். கோடு ஒருமுறை உறுதியானால் பிறகு, "எங்கள் தெருவை மட்டும் விட்டுவிடுங்கள்" என்று கேட்டுப் பயனில்லை. கேட்க வேண்டியதை வரைபடம் வரையும்போதே கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டால் மாறும் என்பதற்கு நம் பாதையே சாட்சி. ஹைதராபாத் - சென்னை பாதை முதலில் கூடூர் வழியாக யோசிக்கப்பட்டது. தமிழக அரசு கேட்டுக்கொண்டதால் திருப்பதி வழியாக மாற்றப்பட்டதாக 2025 இறுதியில் செய்திகள் வந்தன. தமிழகத்தில் இரண்டு ஸ்டேஷன்கள், ஒன்று சென்ட்ரல், மற்றொன்று வட்டச்சாலையை ஒட்டி மீஞ்சூர் பக்கம் என்றும் அச்செய்திகள் கூறின.

வெளிநாட்டிலும் இதே கதைதான். பிரான்சில் பாரிஸிலிருந்து வடக்கே போன அதிவேகப் பாதை 1990-களில் வந்தபோது, அமியேன் நகரத்தார் தங்கள் ஊர் வழியாக வர வேண்டும் என்று போராடினார்கள். பாதை வேறு பக்கம் போனது. சமாதானத்துக்கு அமியேனுக்கும் சேன்-காந்தேனுக்கும் நடுவே வயல்வெளியில் ஒரு ஸ்டேஷன் கட்டினார்கள். பழைய ரயில் பாதையோடு அதற்கு இணைப்பு இல்லை. மக்கள் அதற்கு வைத்த பெயர் "பீட்ரூட் ஸ்டேஷன்". மீஞ்சூர் பக்கம் வரும் ஸ்டேஷனுக்கு மின்சார ரயிலும் பஸ்ஸும் சரியாக இணையாவிட்டால் அதுவும் நம் ஊர் பீட்ரூட் ஸ்டேஷன்தான்.

நாம் செய்யக்கூடியது

பாதை நம் நகரைத் தொடுமா, தொடாதா என்று வதந்தி பேசுவதைவிடச் சில காரியங்களைச் செய்து வைக்கலாம்.

ஒன்று, அறிவிக்கையைக் கவனிப்பது. ரயில்வே சட்டப்படி சிறப்புத் திட்டமாக நிலம் எடுத்தால், அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ஆட்சேபணை தர வேண்டும். 2013 நில எடுப்புச் சட்டப்படி எடுத்தால் 60 நாட்கள். ரயில்வே சட்டப்படி அறிவிக்கையின் சுருக்கம் இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் வரும். அவற்றில் ஒன்று தமிழில் இருக்க வேண்டும். அதில் சர்வே எண்தான் இருக்கும், நம் தெருப் பெயர் இருக்காது. உங்கள் சர்வே எண், உட்பிரிவு எண் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

இரண்டு, பட்டா. அப்பா பெயரிலோ மனை விற்றவர் பெயரிலோ இன்னும் பட்டா இருந்தால் உடனே மாற்றுங்கள். இழப்பீடு வரும் நாளில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைவது கொடுமை.

மூன்று, பத்திர விலை. 2013 சட்டப்படி சந்தை மதிப்பு என்பது வழிகாட்டி மதிப்போ, அக்கம்பக்கத்தில் கடந்த 3 ஆண்டுகளில் பதிவான பத்திரங்களில் அதிக விலை காட்டியவற்றில் பாதியின் சராசரியோ, எது அதிகமோ அது. அதன் மேல் கிராமப்புறத்தில் 1 முதல் 2 வரை பெருக்கல் காரணியும், மொத்தத்துக்கு 100 சதவீத ஆறுதல் தொகையும் சேரும். முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க ஒருவர் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதினால், இழப்பீட்டில் நஷ்டப்படுவது அவர் தெரு முழுவதும்தான்.

நான்கு, தண்ணீர். சோழவரம் ஏரியின் வரத்துக் கால்வாய்களையும் கொசஸ்தலை ஆற்றின் வெள்ளப் பாதையையும் மண் கரை போட்டு மறிக்கக் கூடாது. பாதை வந்தால் தூண்களின் மேல் வர வேண்டும். மும்பை - அகமதாபாத் பாதையின் பெரும்பகுதி தூண்களின் மேல்தான் போகிறது. அதற்கு வேண்டிய நில அகலமும் சுமார் 17.5 மீட்டர்தான். எனவே நாம் கேட்பது ஆகாத காரியம் அல்ல.

"புல்லட் ரயில் ஸ்டேஷன் அருகில் மனை" என்ற விளம்பரங்கள் இனி நம் பக்கம் வரும். முன்பணம் கொடுக்கும் முன் அந்த ஸ்டேஷன் அரசிதழில் வந்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

1899-ல் கோடு போட்டவர்கள் நம் முன்னோர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். இன்று கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஏரிக் கால்வாய்கள், இணைப்புப் பஸ் இரண்டையும் பற்றி நம் சங்கத்தின் சார்பில் மாவட்ட ஆட்சியருக்கு இப்போதே ஒரு மனு கொடுத்து வைக்கலாம் என்பது என் யோசனை. அடுத்த பொதுக்குழுவில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். வரும்போது பட்டா நகலையும் கையோடு கொண்டு வாருங்கள். சர்வே எண்களை ஒரே பட்டியலாக எழுதி வைத்துக்கொள்வோம்.