எழுத்தறிவும் அதன் அளவுகோலும்: ஐக்கிய அமெரிக்க வரலாறு தரும் பாடம்

ஒரு சமுதாயம் எழுத்தறிவை ஒருமுறை ஈட்டிக்கொண்டால் அதனை மீண்டும் இழப்பதில்லை என்பது பலரது நம்பிக்கை. செல்வச் செழிப்புமிக்க ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றை நோக்குமிடத்து, இந்நம்பிக்கை மறுபரிசீலனைக்குரியது என்பது புலனாகும்.

1870இல் அந்நாட்டில் 14 வயதும் அதற்கு மேலும் உடையோருள் நூற்றுக்கு 20 பேர் எழுத்தறிவற்றோர். கறுப்பின மக்களை உள்ளிட்ட வெள்ளையரல்லாதோரிடையே இவ்வீதம் ஏறத்தாழ 80 ஆகும். இஃது இயல்பாக நேர்ந்த அறியாமையன்று. அடிமைகளுக்கு எழுதக் கற்பித்தலைத் தென் கரோலினா 1740இலேயே சட்டத்தாற் குற்றமாக்கியிருந்தது. அடிமை முறை ஒழிந்த பின்னரோ, தென் மாநிலங்கள் எழுத்தறிவுச் சோதனைகளைக் கருவியாகக் கொண்டு அம்மக்களின் வாக்குரிமையைப் பறித்தன. கல்லாமையை விதித்த ஆதிக்கமே கல்லாமையைக் குற்றமெனவும் காட்டிற்று. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தின் பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது.

1979இல் எழுத்தறிவற்றோர் வீதம் 0.6 எனக் கணிக்கப்பட்டது. பணி முற்றுப்பெற்றது எனவே தோன்றிற்று. ஆயின், நான்கே ஆண்டுகளின் பின் வெளிவந்த ‘ஆபத்தில் ஒரு தேசம்’ எனும் ஆணைக்குழு அறிக்கை, வளர்ந்தோருள் ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் பேர் அன்றாடத் தேவைக்குரிய வாசிப்பும் எழுத்தும் கைவரப்பெறாதோர் என்றது. இடைக்காலத்தில் மக்கள் கற்றதை மறந்துவிடவில்லை, அளவுகோலே மாறிற்று. முன்னர், எழுத்தைக் கூட்டி வாசிக்க முடியுமா என்பதே வினா. பின்னர், வாசித்ததை வாழ்க்கையிற் பயன்படுத்த முடியுமா என்பது வினாவாயிற்று.

அண்மைக்கால வீழ்ச்சியோ வேறு வகையினது. பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பின் ஆய்வுகளில், 16 முதல் 65 வரையான வயதினருள் வாசிப்பில் மிகத் தாழ்ந்த படிநிலைகளில் நின்ற அமெரிக்கர் 2017இல் நூற்றுக்கு 19 பேர். 2023இல் 28 பேர். எண்ணறிவில் இவ்வீதம் 29இலிருந்து 34 ஆயிற்று. ஒரே அளவுத்திட்டத்திற் பெறப்பட்ட முடிவுகளாதலின், அளவுகோல் மாறிற்று எனச் சமாதானம் கூறவியலாது. 2023இல் ஆராயப்பட்ட 31 நாடுகளுள்ளும் பொருளாதாரங்களுள்ளும், முன்னைய பத்தாண்டோடு ஒப்பிடுகையில் வாசிப்புத்திறன் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தவை பின்லாந்தும் டென்மார்க்குமே.

மக்கள்தொகை முதுமையுறல், குடிவரவு என்பன காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. இவை ஓரளவுக்கே விளக்கந் தருவன. பெரும்பாலான நாடுகளில் வீழ்ச்சி கடுமையாயிருந்தது, முன்னரே பின்தங்கியிருந்தோரிடையே என்பது ஆழ்ந்து நோக்கற்பாலது. பள்ளியிற் பெற்ற திறன், தொழிலிலும் பொதுவாழ்விலும் பயிலப்படாவிடின் தேய்ந்துபோகும். எனவே எழுத்தறிவு, ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக ஈட்டி, வாழ்நாள் முழுதும் பேணவேண்டிய சமுதாய உரிமையாகும். அவ்வுரிமையைப் பேணத் தவறிய சமுதாயம், அதனை இழந்தோரையே குற்றஞ்சாட்டுமாயின், அன்றைய சோதனைகளின் அநீதி வேறு வடிவில் தொடர்கின்றது என்றே கொள்ளல் வேண்டும்.