கிளட்ச் வழுக்கும்போது: தோல், முல்தானி மிட்டி, கல்நார்

போன மாசம் சேலத்துல இருந்து ஏற்காடு ஏறிட்டிருந்தேன். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. பாதி ஏற்றத்துல ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா இன்ஜின் கத்துது, ஆர்பிஎம் முள் எகிறுது, ஆனா வேகம் மட்டும் ஏறவே இல்ல. கூடவே ஏதோ காகிதம் கருகுற மாதிரி வாடை. ஊருக்கு வந்து மெக்கானிக் அண்ணன்கிட்ட சொன்னதும் பானெட்டைக்கூட திறக்கல. "கிளட்ச் ஸ்லிப் ஆகுது தம்பி. டிராஃபிக்ல பெடல் மேலேயே கால் வச்சிருப்பீங்களோ?"

ஆமா, வச்சிருப்பேன். ஓஎம்ஆர்ல ரெண்டு வருஷமா அப்படித்தான்.

சரி, கிளட்ச் என்ன பண்ணுது? இன்ஜின் பக்கம் ஃப்ளைவீல் சுத்திக்கிட்டே இருக்கு. சக்கரம் பக்கம் எல்லாம் நிக்குது. ரெண்டையும் படார்னு பூட்டினா இன்ஜின் ஆஃப் ஆகிடும். அதனால நடுவுல ஒரு பொருள், முதல்ல கொஞ்சம் வழுக்கி, அப்புறம் இறுக்கிப் பிடிக்கணும். அப்போ வழுக்குறதும் கிளட்ச்சோட வேலைதான். பிடிச்ச பிறகும் வழுக்கினாதான் கோளாறு. நடுவுல எந்தப் பொருளை வைக்கிறதுங்கிற கேள்விதான் இன்னைக்குக் கதை.

1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய மூணு சக்கர வண்டியில் இன்றைய மாதிரி கிளட்ச் கிடையாது. தோல் பெல்ட் ஒன்று சும்மா சுழலும் கப்பியிலிருந்து, சக்கரத்தை இழுக்கும் கப்பிக்கு நகரும். அவ்வளவுதான். 1888-ல் அவர் மனைவி பெர்த்தா இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, சுமார் 100 கிலோமீட்டர், அந்த வண்டியை ஓட்டிப் போனார். இறக்கங்களில் பிரேக் கட்டை தேய்ந்துபோக, வழியில் ஒரு செருப்புத் தொழிலாளியிடம் அதன்மேல் தோல் அடிக்கச் சொன்னார். பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் தேவை ஒன்றுதான், உராய்வு. அந்தக் காலத்தில் உராய்வுக்குக் கைவசம் இருந்த பொருள் தோல்.

1900-களின் தொடக்கத்தில் நிறைய கார்களில் கூம்பு கிளட்ச்தான். ஃப்ளைவீலில் புனல் மாதிரி ஒரு குழிவு. அதற்குள் தோல் போர்த்திய கூம்பு ஒன்றை ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கும். இந்தத் தோல் ரொம்பவே மூடி. காய்ந்து இறுகினால் வண்டி குதித்துக் கிளம்பும். அப்போ விளக்கெண்ணெய் தடவி இளக்கணும். எண்ணெய் கூடிப்போனால் வழுக்கும். அதுக்கு அப்போதைய மோட்டார் கையேடுகள் சொன்ன வைத்தியம், எண்ணெயை உறிஞ்சும் ஒரு வகைக் களிமண் பொடியைக் கிளட்ச்சில் தூவுவது. அந்த வகை மண் உங்க வீட்டு பாத்ரூம்லயும் இருக்கலாம். முல்தானி மிட்டி! முகத்துல வழியுற எண்ணெயை அது எப்படி இழுக்குதோ, அப்படித்தான் கிளட்ச்லயும். இந்த ஒரு தகவலுக்காகவே எபிசோட் பண்ணலாம்னு தோணுச்சு.

ஆனா தோலின் உண்மையான எதிரி சூடு. வழுக்கினால் சூடாகும், சூடானால் மேற்பரப்பு கருகிப் பளபளப்பாகும், அதனால் இன்னும் வழுக்கும். மெமரி லீக் மாதிரி. ஆரம்பத்துல தெரியாது, தெரியும்போது சர்வர் படுத்திருக்கும்.

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897 வாக்கில் இதில் இறங்கினார். இறக்கத்தில் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையோடு பழைய பூட்ஸைச் சேர்த்துக் கட்டியதைப் பார்த்துத்தான் யோசனை வந்ததாகச் சொல்வார்கள். முதலில் பிசின் ஊறிய பருத்திப் பட்டைகள். பருத்தியும் கருகியது. 1908-ல் அவர் கல்நாருக்கு, அதாவது ஆஸ்பெஸ்டாஸுக்கு மாறினார். கல்லிலிருந்து வரும் நார். நூலாகத் திரிக்கலாம், துணியாக நெய்யலாம், தீயில் எரியாது. ஒரு இன்ஜினியர் வேற என்ன கேப்பான்? ஃப்ரூட் என்ற தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்து, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து அவர் வைத்த பிராண்ட் பெயர்தான் ஃபெரோடோ. உலகம் முழுக்க கிளட்ச்சும் பிரேக்கும் கல்நாருக்குப் போயின.

1924-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெல்லி கெர்ஷா என்ற பெண் இறந்தார். வயது 33. கல்நார் நூற்கும் ஆலையில் வேலை. அவர் நுரையீரலைச் சோதித்த மருத்துவர் வில்லியம் குக், அதில் கல்நார் துகள்களைக் கண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். ஆலை பொறுப்பேற்க மறுத்தது. 1931-ல் பிரிட்டன் ஆலைகளில் தூசியைக் கட்டுப்படுத்த விதிகள் போட்டது. ஆனால் மெக்கானிக் ஷெட்டுக்கு யார் விதி போட்டது? கிளட்ச் தேயும்போது பொடி அந்த மூடிய கூட்டுக்குள்ளேயே தங்கும். பழைய டிஸ்க்கைக் கழற்றினதும் காற்றடித்து ஊதுவதுதான் பழக்கம். மொத்தப் புகையும் ஊதுபவர் முகத்தில். பிரிட்டனில் கல்நாருக்கு முழுத்தடை வந்தது 1999-ல். முதல் விதிக்கும் தடைக்கும் நடுவே 68 வருஷம்.

இப்போ உங்க கார். சந்தேகம் இருந்தா காலியான சமதள ரோட்டுல, மேல் கியர்ல மிதமான வேகத்துல போகும்போது ஆக்ஸிலரேட்டரை நல்லா மிதிங்க. ஆர்பிஎம் மட்டும் துள்ளி, வேகம் பின்தங்கினா கிளட்ச் வழுக்குது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செஞ்சா டெஸ்ட்டே கிளட்ச்சைத் தின்னுடும். மேல் கியர் ஏன்? சக்கரத்துல அதே இழுவை கிடைக்க, மேல் கியர்ல கிளட்ச் அதிக முறுக்குவிசையைத் தாங்கணும். அதனால கோளாறு அங்கதான் முதல்ல தெரியும். ஏற்றத்துல மாட்டிக்கிட்டா கியரைக் குறைச்சு, மெதுவா மிதிச்சு, பத்திரமான இடம் வரை போங்க. ஹாஃப் கிளட்ச்ல வண்டியை நிறுத்தாதீங்க, ஹேண்ட்பிரேக் எதுக்கு இருக்கு? கேபிள் வண்டின்னா பெடல்ல விளையாட்டு சரியா இருக்கான்னு முதல்ல பாருங்க, சில நேரம் அது மட்டுமே கோளாறா இருக்கும். ஆயில் கசிவு இருந்தா அதைச் சரி பண்ணாம புது டிஸ்க் போடுறது வீண் செலவு.

எனக்கு டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணுமே மாத்த வேண்டியதாப் போச்சு. பழைய டிஸ்க்கை எடுத்ததும் அண்ணன் ஏர் கன்னைத் தூக்கினாரு. அது என்ன லைனிங்னு பார்த்துச் சொல்ல எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. "அண்ணே, ஈரத்துணியால துடைச்சிடலாமா?"ன்னு கேட்டேன். சிரிச்சாரு. "முப்பது வருஷமா ஊதிட்டிருக்கேன் தம்பி"ன்னாரு. அப்புறம் பையனைக் கூப்பிட்டு, ஒரு வாளி தண்ணி கொண்டு வரச் சொன்னாரு.